ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது

பூதலூர் ரயிலடியில் இறங்கி பிரகதீஸ்வரி வீடு எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டயாலிசிஸ் கார் அக்கா வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர்கள் அவளை பிரகதா என்பார்கள். நாற்பதைத் தாண்டியவள். உரத்த குரல், எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற வாய்.

வண்டி ஓட்ட அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அப்பாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது. குத்தகை நிலத்துக்கும் அதுதான், அடுத்தவர் வயலுக்குச் சேறடிக்கவும் அதுதான். வைக்கோல் ஏற்றும்போது அப்பா கீழே நின்று கட்டுகளைத் தூக்கிப் போடுவார். வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பிறகு சேறடிக்கவும் போனாள். பொம்பளைப் பிள்ளையை டிராக்டரில் ஏற்றிவிட்டிருக்கிறான் பார் என்று பேசினவர்களே, தங்கள் வயலுக்கு முறை வந்தபோது, வரப்பை உடைக்காமல் ஓட்டுகிறாள், அவளையே அனுப்பு என்று கேட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் எதையும் தொடவில்லை. கணவன் சதீஷ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். ஒரு ஐப்பசி அடைமழையில் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டது. ஆம்புலன்ஸ் வருகிற வழியில் மரம் விழுந்து கிடந்தது. கொழுந்தனுடைய கார் வாசலில் நின்றது, கொழுந்தன் ஊரில் இல்லை. பிரகதா உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தாள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் வாசலில் இறக்கியபோது அந்தப் பெண் இவள் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரி என்றால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் எடுத்தாள். நகையில் பாதியைக் கொடுத்து, மீதிக்குக் கடன் வாங்கி, ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார் ஒன்றை மஞ்சள் போர்டு போட்டுப் புதிதாகவே வாங்கினாள். பழைய வண்டி வேண்டாம், நோயாளிகளை ஏற்றுகிற வண்டி நடுவழியில் நிற்கக்கூடாது என்பது அவள் எண்ணம்.

கல்யாணம், கோயில், சுற்றுலா எதற்கும் அந்த வண்டி போகாது. சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், ரத்தம் சுத்திகரித்து முடிக்கும்வரை காத்திருந்து, வீட்டில் கொண்டுவந்து விடுவதுதான் வேலை. போகும்போது மூச்சு வாங்கிக்கொண்டு, கால் வீங்கி, பேசப் பிடிக்காமல் வருவார்கள். திரும்பும்போது வெளுத்துப்போய்ச் சாய்ந்திருப்பார்கள். குலுக்கினால் வாந்தி எடுப்பார்கள். அதனால் ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, முட்டைக் கூடையைக் கொண்டுபோவது போல ஓட்டுவாள்.

அவர்களில் ரொம்ப நாளாக வருகிறவர் அப்துல் வஹாப். ரயிலடிக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருந்தவர். கூட மகள் ஹாஃபிஸா வருவாள். வஹாப் பாயின் இடது கையில், டயாலிசிஸுக்கு ரத்தம் எடுப்பதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே தேனீ இரைவது போல விர்ரென்று துடிக்கும். அந்தத் துடிப்பு இருக்கும்வரை கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காரில் ஏறியதும் ஹாஃபிஸா அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். "ஓடுதா?" என்பார் அவர். "ஓடுது அத்தா" என்பாள்.

கார் வாங்கி இரண்டாவது வருஷம், ஒரு வைகாசி மாதம், பிரகதாவின் போனுக்கு கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் வண்டி தயாரான சமயத்திலிருந்து வெளிவந்த வண்டிகளில் பிரேக்கோடு சேர்ந்த ஒரு பாகத்தில் குறை இருக்கக்கூடும், முன்னெச்சரிக்கையாக வண்டிகளைத் திரும்ப அழைத்து (ரீகால்) அதை இலவசமாக மாற்றித் தருகிறோம், அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும். கடைசியில் ஒரு கும்பிடு போடும் கை.

மறுநாளே திருச்சி ரோட்டில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் செந்தில்குமார் எழுந்து நின்று வரவேற்றான். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது.

"மாஸ்டர் சிலிண்டர் மேடம். உள்ள ஒரு ரப்பர் சீல் இருக்கும். சில வண்டியில அது சீக்கிரமே தேஞ்சுடுது, அவ்வளவுதான். ஸ்பேர் இன்னும் வரல. வந்ததும் நானே கூப்பிடுறேன்."

"தேஞ்சா என்னாகும் சார்?"

"பெடல் கொஞ்சம் இறங்கும்."

"கொஞ்சம்னா? பிடிக்குமா பிடிக்காதா?"

"அதெல்லாம் லட்சத்துல ஒண்ணு மேடம். அப்படியே ஏதாவதுன்னாலும் முன்னாடியே டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரிஞ்சு காட்டிக்குடுத்துடும். நீங்க பாட்டுக்கு ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது."

அவன் சிரித்தான். நம்பாதவர்களைக் கொஞ்சம் மடையர்களாக உணரவைக்கிற சிரிப்பு. பிரகதா நம்பினாள்.

அவன் கூப்பிடவில்லை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. இவள்தான் கூப்பிட்டாள். கம்பெனியின் இலவச எண்ணில் முதலில் பாட்டு வரும். பிறகு ஒரு பெண் குரல் வண்டி எண்ணைக் கேட்கும், போன மாதம் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லச் சொல்லும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று முடிக்கும். வைத்த கையோடு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு செய்தி வரும். முதல் தடவை அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திறந்து பார்க்காமலே அழித்தாள்.

இரண்டாம் தடவை நேரில் போனபோது செந்தில்குமார் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவை, கண்ணாடிக்கு உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னான். அவன் தலை தெரிந்தது. தெரிகிறது என்பது அவனுக்கும் தெரிந்தது. குனிந்து எதையோ தேடுவது போல மேஜைக்கு அடியில் போனான். நகையைக் கொடுத்துக் கார் வாங்கிய ஒருத்திக்குப் பயந்து ஒளிகிற அந்த முதுகைப் பார்த்துவிட்டு, பிரகதா வெளியே வந்து காரை எடுத்தாள்.

சதீஷிடம் போனில் சொன்னாள்.

"வித்துடு" என்றான் அவன்.

"யாருகிட்ட?"

"புரோக்கர்கிட்ட குடுத்துடு. அவன் எவனுக்கோ தள்ளிட்டுப் போறான். உனக்கு என்ன?"

புரோக்கர் வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்தான், டயரை உதைத்தான். "அக்கா, வாங்குறவன் வந்தா ரீகால் கீகால்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க. மித்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்று பிரகதாவுக்குத் தோன்றியது. முகம் தெரியாத எவனோ ஒருவன், அவன் பெண்டாட்டி, பின்சீட்டில் பிள்ளைகள். தோன்றியதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து புரோக்கர்மேல் காட்டினாள். வாசலில் கழற்றிய செருப்பைப் போட மறந்து தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான் அவன்.

ஓட்டாமல் நிறுத்திவிடலாம்தான். நிறுத்தினால் வஹாப் பாயை யார் கொண்டுபோவது? வாடகைக் கார்க்காரர்கள் ஒருநாள் வருவார்கள், முகூர்த்த நாள் என்றால் வரமாட்டார்கள். ஒரு முறை தப்பினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவு பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். அளவு சரியாகவே இருந்தது.

குறுவை அறுப்பு முடிந்து, புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட நேரம். நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் ரோட்டோரம் நெடுக நெல்லைக் கொட்டிப் படுதா போட்டு மூடி, விவசாயிகள் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். படுதாவுக்கு அடியில் நெல் வெந்து, முளைவிட்டு, புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. அன்று காலை வஹாப் பாயையும் ஹாஃபிஸாவையும் ஏற்றிக்கொண்டு, பிரகதா புது ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் வந்தாள். நிலையத்துக்குள்ளிருந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. தூரம் இருந்தது. அவசரமே இல்லாமல் பிரேக்கில் காலை வைத்தாள்.

சேற்றுக்குள் கால் போகிற மாதிரி பெடல் உள்ளே போயிற்று. அடிவரை போய் நின்றது. வண்டி நிற்கவில்லை.

எடுத்து மறுபடி மிதித்தாள். மறுபடியும் சேறு. கியரைக் குறைத்தாள், வண்டி முனகிக்கொண்டு கொஞ்சம் வேகம் தணிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், பின்பக்கம் ஈர ரோட்டில் வழுக்கி ஆடியது. வலது பக்கம் கரை, அதற்குக் கீழே கரை தொட்டு ஓடும் ஆற்றுத் தண்ணீர். நேரே டிராக்டர். இடது பக்கம் படுதா மூடிய நெல் அம்பாரம். "பிடிச்சுக்குங்க!" என்று கத்திக்கொண்டு இடது பக்கம் திருப்பினாள்.

கார் அம்பாரத்தில் பாதிவரை புதைந்து நின்றது. கண்ணாடி முழுக்க ஈர நெல். அதற்கப்புறம்தான், எல்லாம் முடிந்தபிறகு, டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரகதா அதைப் பார்த்தாள். பல்லைக் காட்டுவது போல இருந்தது.

நெல்லுக்குச் சொந்தக்காரர் பஞ்சநதம் என்ற பெரியவர். நெல் தள்ளும் பலகையைத் தூக்கிக்கொண்டு, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ஓடிவந்தார். பின்கதவைத் திறந்தவர், வஹாப் பாயின் கோலத்தைப் பார்த்ததும் பலகையைக் கீழே போட்டுவிட்டார். பாய் முன்சீட்டில் மோதியிருந்தார். நெற்றியில் சின்ன வீக்கம்தான். ஆனால் இடது கை சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கியிருந்தது.

ஹாஃபிஸா அந்தக் கையில் விரலை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள்.

"ஓடுதா?" என்றார் அவர்.

ஹாஃபிஸா நிமிர்ந்தாள். பிரகதாவைப் பார்த்து, "துடிப்பு இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நெல் கொண்டுவந்த குட்டியானை லோடு வண்டி ஒன்றில் பஞ்சநதமே அவர்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கையில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டது, டயாலிசிஸுக்கு இனி அந்தக் கை உதவாது என்றார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாக அன்றைய டயாலிசிஸ் நடந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் மல்லாந்து கிடந்த வஹாப் பாய், வாசலில் நின்ற பிரகதாவைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார்.

"ஆத்துல விடாம நெல்லுல விட்டியே, அதுவே பெருசு" என்றார்.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். இரண்டு நாள் கழித்து பிரகதா அங்கே போனாள். இந்தத் தடவை செந்தில்குமார் ஒளியவில்லை. கையில் ஒரு பேடுடன் வண்டியைச் சுற்றி வந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

"ரீகால் பெண்டிங்னு உங்களுக்குத் தெரியும்ல மேடம்? தெரிஞ்சும் ஏன் ஓட்டுனீங்க?"

பிரகதாவுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"நீங்கதானே ஓட்டச் சொன்னீங்க?"

"நானா? நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனே மேடம். எங்களுக்கு அப்படிச் சொல்ல அதாரிட்டியே கிடையாது."

கண்ணை இமைக்காமல் சொன்னான். தட்டில் புழுவைப் பார்த்தவள் மாதிரி அவன் முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள் பிரகதா. திருப்பிய பக்கத்தில், கண்ணாடிக்கு அந்தப் புறம், விற்பனைக்கு வந்த புதுக் கார்கள் வரிசையாக நின்றன. அவள் வண்டியின் அதே மாடல்தான், நிறம்தான் வேறு வேறு. ஆயுத பூஜைக்கு டெலிவரி. வரிசையாகப் பானெட்டுகள் திறந்திருந்தன. ஒரு மெக்கானிக் ஒவ்வொன்றாகக் குனிந்து எதையோ கழற்றி மாட்டிக்கொண்டு வந்தான். தரையில் அட்டைப் பெட்டிகள் கிடந்தன.

பிரகதா நேரே அங்கே போனாள்.

"இது என்ன தம்பி?"

"மாஸ்டர் சிலிண்டர்க்கா."

"எப்ப வந்துச்சு?"

"அது ஆடி கடைசியிலயே வந்துருச்சே" என்றவன், பின்னால் ஓடிவந்த செந்தில்குமாரின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

செந்தில்குமார் அவளை ஏசி அறைக்கு அழைத்துப்போனான். காபி வந்தது. குரல் தேனாக மாறியது.

"மேடம், விக்காத வண்டிக்கு முதல்ல மாத்தணும்ங்கிறது மேலிடத்து உத்தரவு. மாத்தாம விக்க முடியாதுல்ல? ரோட்ல ஓடுற வண்டி எப்படியும் ஓடிக்கிட்டுதானே இருக்கு. எங்க நிலைமையையும் நீங்க புரிஞ்சுக்கணும்."

பிரகதா காபியைத் தொடவில்லை.

"உங்களுக்கு நான் ஸ்பெஷலா பண்ணித் தர்றேன். இன்னைக்கே புது சிலிண்டர். பம்பர், லைட், பெயிண்ட் எல்லாமே ஃப்ரீ. நீங்க இதுல ஒரே ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

மழையில் வண்டி வழுக்கியதால் விபத்து, பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை, கம்பெனிமேல் எந்தப் புகாரும் இல்லை. இதுதான் தாளில் இருந்தது. பிரகதா இரண்டு தடவை படித்தாள். வண்டி இல்லாமல் வருமானம் இல்லை. தவணை நிற்காது. கையெழுத்துப் போட்டால் சாயந்திரம் ஓட்டிக்கொண்டு போகலாம். இது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தான். அந்தத் திறந்த பேனாதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது.

"சரி சார்" என்றாள். "பிரேக்ல கோளாறு இல்லைன்னு நான் எழுதிக் குடுக்கறேன். என் வண்டி வெளிய நிக்குது. எஞ்சின் ஓடுது. பழைய சிலிண்டரோடவே நீங்க எடுத்து வல்லம்வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. வந்ததும் போட்டுடறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"வல்லம் வேணாம். பைபாஸ்வரைக்கும் போங்க."

"எனக்கு மீட்டிங் இருக்கு மேடம்."

தாளை நான்காக மடித்து காபிக்குள் அமுக்கிவிட்டு எழுந்தாள்.

வெளியே ஒரு சிவப்புக் காருக்கு மாலை போட்டு, ரிப்பன் கட்டி, ஒரு குடும்பத்தை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாராசுரத்துக்காரர், ஜாபிர் என்று பெயர், துணி வியாபாரம். துபாயில் இருக்கும் தம்பிக்குக் காட்ட அவர் மனைவி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பிரகதா அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கத்தவேண்டும் என்றுதான் போனாள். கையில் இனிப்பு டப்பாவுடன் நின்ற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்க வண்டி நல்லாருக்கும், பயப்படாம ஓட்டுங்க" என்றாள். "என் வண்டிக்கு வரவேண்டிய பிரேக்கைத்தான் இதுக்குப் போட்டிருக்காங்க. அது இல்லாம என் வண்டி நெல்லுக்குள்ள போயி, ஒரு பெரியவருக்குக் கை போச்சு."

செந்தில்குமார் பின்னால் ஓடிவந்தான். "அவங்க டென்ஷன்ல இருக்காங்க சார். விக்காத வண்டிக்கு முதல்ல போடுறது எங்க பாலிசி, அவ்வளவுதான்" என்று ஜாபிரிடம் சொன்னான். சமாதானம் என்று நினைத்துக்கொண்டு சொன்னான். அவர் மனைவி போனைக் கீழே இறக்கவே இல்லை.

ஜாபிர் அன்று காரை எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் சாயந்திரம் பிரகதாவின் எண்ணை விசாரித்து வாங்கிக் கூப்பிட்டார். "அந்த வண்டில ஏறி வர்றதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சும்மா" என்றார். வீடியோவை அனுப்பினார். அது கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சுற்றியது. அதே கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரகதாவுக்குப் போன் செய்தார்கள். பெடல் இறங்குகிறது என்றவர்கள் சிலர், ரீகால் என்ற ஒன்றே தெரியாது என்றவர்கள் பலர். ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். தனக்காக யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லையா அது என்று அவளுக்கு இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் எல்லோருக்கும் ஸ்பேர் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. கையெழுத்து இல்லாமலே பிரகதாவின் வண்டிக்கும் மாற்றினார்கள். பம்பரை அவளே காசு கொடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பஞ்சநதத்தைத் தேடிப்போய், நெல் வீணானதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். "அது மழையிலயே பாதி முளைச்சுப்போச்சும்மா, உன் கார் வேற தனியாவா கெடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு, பாய் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

பாய் அப்போது வேறு காரில் போய்க்கொண்டிருந்தார். ஹாஃபிஸாவுக்கு அந்த வெள்ளைக் காரில் ஏறவே பயம். பிரகதா கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் வேறொருவர் கார் அவர்கள் வீட்டுக்கு முன்னால் நிற்பதைப் பார்க்கவேண்டாம் என்று அடுத்த தெரு வழியாகப் போய்வந்தாள். மார்கழியில் அவருக்கு வலது கையில் மறுபடி ஆபரேஷன் ஆயிற்று. அது ஆறும்வரை எழுத முடியாது, சோற்றைக்கூட இடது கையால் சாப்பிடவேண்டும். அவருக்கு அதுதான் பெரிய வேதனை. தை பிறந்ததும் ஹாஃபிஸாவே கூப்பிட்டாள். "அந்த டிரைவர் ரொம்ப குலுக்குறான்க்கா. அத்தா வாந்தி எடுத்துக்கிட்டே வர்றாங்க. நீங்களே வாங்க." முதல் நாள் அவர்களை ஏற்றுவதற்கு முன்னால், பிரகதா பாலத்து இறக்கத்தில் வெறும் வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனாள். இப்போதும் ஒவ்வொரு பயணத்திலும் அவள் கால் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறாள். முதல் வாய்தாவிலேயே கம்பெனி வக்கீல் எழுந்து, குறை இருப்பது தெரிந்தும் வாகனத்தை இயக்கியது யார் குற்றம் என்று கேட்டார். ஜாபிர் தாராசுரத்திலிருந்து வந்து சாட்சி சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வாய்தா தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

போன பங்குனியில் ஒருநாள், டயாலிசிஸ் வார்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். போன் வந்தது.

"வணக்கம் மேடம், செந்தில்குமார் பேசறேன். இப்ப நான் வேற கம்பெனிக்கு மாறிட்டேன். உங்ககிட்ட செவன் சீட்டர் இருக்குன்னு லிஸ்ட்ல பாத்தேன். நம்மகிட்ட சூப்பர் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது, சேஃப்டியில நம்பர் ஒன் வண்டி..."

"நான் பூதலூர் பிரகதீஸ்வரி பேசறேன்" என்றாள்.

அந்தப் பக்கம் எந்தச் சலனமும் இல்லை. பயமில்லை, தயக்கமில்லை, ஒன்றுமே இல்லை.

"சொல்லுங்க மேடம். பூதலூர்ல டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கே வண்டி அனுப்புறோம். எந்தத் தெரு மேடம்?"

அவனுக்கு அவளை ஞாபகமே இல்லை. நெல்லில் புதைந்த காரும், காபியில் நனைந்த தாளும், ஒன்றும் அவனிடம் தங்கவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு நாக்குவரை வந்தன. இவனிடம் அவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? போனை அணைத்தாள். துப்பட்டா நுனியால் காதை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வார்டுக் கதவு திறந்தது. ஹாஃபிஸா அத்தாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். பிரகதா இறங்கிப்போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கா போன்ல? முகமே மாறியிருக்கு."

"கார் விக்கிறவன்" என்றாள் பிரகதா. "பாயை மெதுவா உக்கார வைம்மா. ஏசி வேணாம், கண்ணாடியை இறக்கி விடறேன், காத்து நல்லா வருது."